மாந்தோப்பைப் படமெடுக்க 3யூ கியூப்சாட்: எந்த ராக்கெட்டில் ஏற்றுவது?

தகடூரான்
கிருஷ்ணகிரி, தர்மபுரி பொறியியல் கல்லூரிகள் சேர்ந்து ஒரு 3யூ கியூப்சாட் (10 செ.மீ. கனசதுரம் மூன்றை அடுக்கிய அளவுள்ள சிறு செயற்கைக்கோள்) செய்தால் என்ன என்று இந்தத் திரியில் பேச்சு ஓடுகிறது. வேலை ஒன்றுதான். போச்சம்பள்ளி, பர்கூர், காவேரிப்பட்டணம் மாந்தோப்புகளை ஜனவரி, பிப்ரவரி பூக்கும் பருவத்தில் படமெடுக்க வேண்டும். என் கட்சி, ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டில் பலரின் கோள்கள் சேர்ந்து போகும் டிரான்ஸ்போர்ட்டர் பகிர்வுப் பயணம். 2021 ஜனவரியில் முதல் பயணத்திலேயே 143 செயற்கைக்கோள்களை ஏற்றிப் போனது. பாதை சூரிய ஒத்திசைவுப் பாதை, அதனால் தோப்பின் மேல் எப்போதும் ஏறக்குறைய ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்கும். நிழல் மாறாது, இந்த வாரப் படத்தைப் போன வாரப் படத்தோடு ஒப்பிடலாம்.

நெல்லிக்கனி
ராக்கெட் கிடக்கட்டும் அண்ணா, கேமரா கணக்கே இடிக்குது. 500 கி.மீ. உயரம், 50 மி.மீ. லென்ஸ், 3 மைக்ரான் பிக்சல்னு வெச்சா தரையில ஒரு பிக்சல் 30 மீட்டர். 10 மீட்டருக்கு ஒண்ணா நட்ட பெங்களூரா தோப்புல ஒரு பிக்சலுக்குள்ள 9 மரம் அடங்கிடும். இதுல பூவை எங்க பார்க்கிறது? ஐரோப்பாவோட சென்டினல்-2 கோள்கள் 10 மீட்டர் படத்தை, அகச்சிவப்புப் பட்டையும் சேர்த்து, 5 நாளைக்கு ஒருதரம் காசில்லாம தருது.

அடுத்தது கேமராவைக் குறி பார்க்கிறது. கோளைத் திருப்பக் காந்தச் சுருளை மட்டும் நம்பினா 5 டிகிரி பிழை சர்வசாதாரணம். அந்த உயரத்துல அது தரையில 44 கி.மீ. 2,000 பிக்சல் சென்சார்ல படத்தோட அகலமே 60 கி.மீ. தான். பர்கூரை நடுவுல வெச்சுக் குறி பார்த்தா கோலார் தங்கவயல் நடுவுல வந்து நிக்கும், பர்கூர் படத்துலயே இருக்காது.

தகடூரான்
50 மி.மீ. லென்ஸ் யார் வைக்கச் சொன்னது தம்பி? 2017 பிப்ரவரி 15-இல் பி.எஸ்.எல்.வி. சி37 ஏற்றிய 104 கோள்களில் 88, பிளானட் நிறுவனத்தின் டவ் கோள்கள். அத்தனையும் 3யூ. 3, 4 மீட்டர் படம் எடுத்தன. 3யூ பெட்டிக்குள் முடியாது என்பது வாதமே இல்லை.

நெல்லிக்கனி
டவ்வுக்குள்ள துல்லியமாத் திரும்பச் சுழல் சக்கரம், நட்சத்திரக் கேமரா, வேகமாப் படம் அனுப்ப எக்ஸ் பேண்ட் ரேடியோ எல்லாம் இருக்கு. மாணவர் கோள்ல வழக்கமா இருக்கிறது நொடிக்கு 9,600 பிட் வேக யூ.எச்.எஃப். ரேடியோ. தலைக்கு மேல 8 நிமிஷம் நல்ல தொடர்பு கிடைச்சா 5,76,000 பைட். தலைப்பு, திருத்தம், மறுஅனுப்பல் போனா பாதி. நல்லா சுருக்கின ஒரு படம் இறங்கவே ரெண்டு கடப்பு ஆகும். தர்மபுரியில ஆன்டெனா வெச்சா வத்தல்மலைப் பக்கம் அடிவானத்துல தாழ்வாப் போற கடப்பு கணக்குல வராது. டாப்ளர் வேற, அதாவது கோள் ஓடற வேகத்தால அலைவரிசை நகரும், 436 மெகாஹெர்ட்ஸ்ல கூடவும் குறையவும் 10 கிலோஹெர்ட்ஸ் ஓடும். ரிசீவர் தானா அலைவரிசையைத் திருத்தலைன்னா வெறும் இரைச்சல்தான்.

ஓசூர் வி.எம்.சி.
ரெண்டு பேரும் மேலயே பறக்கறீங்க. எந்த ராக்கெட்டா இருந்தாலும் கோளை வெச்சு வெளியே தள்ளற டிஸ்பென்சர் பெட்டிக்குள்ள சிக்காம நழுவி வரணும், முதல் தோல்வி அங்கதான். குறுக்களவு 100 மி.மீ., கூடுதல் குறைவு 0.1. பெட்டிக்குள்ள வழுக்கற மூலை ரெயில் அகலம் குறைஞ்சது 8.5 மி.மீ. 6061 அலுமினியம் போதும், ஆனா ரெயில்ல ஹார்ட் அனோடைஸ், அதாவது கெட்டியான ஆக்சைடு பூச்சு, கட்டாயம். வெறும் அலுமினியம் உரசினா வெற்றிடத்துல ஒட்டிப் பிடிச்சுக்கும்.

பூச்சுக்கு இடம் விடாம வெட்டறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. 50 மைக்ரான் பூச்சுல பாதி உள்ளே போகும், பாதி வெளியே வளரும். ரெண்டு பக்கமும் சேர்த்து 0.05 மி.மீ. ஏறிடும். மெஷின்ல 100.08-ன்னு பாஸான பீஸ் பூச்சு முடிஞ்சு 100.13 ஆகி ரிஜெக்ட். வெட்டறப்பவே 99.95-ஐக் குறி வைக்கணும்.

இன்னொண்ணு, அனோடைஸ் மின்சாரம் கடத்தாது. போர்டு உக்காரும் போல்ட் துளைகளை அடைச்சு மறைக்காம பூசினா உடம்பு முழுக்க எர்த் கிடைக்காது, ரேடியோ இரைச்சல் கூடும். அந்த இடத்துல மட்டும் கடத்தும் குரோமேட் பூச்சு போடணும்.

கேஆர்பி அலை
வி.எம்.சி. சார் சொன்ன டிஸ்பென்சர் தொல்லையே இல்லாத வழி ஒன்று உண்டு. போயம் மேடை. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டம் வேலை முடிந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். மின்சாரம், நிலைப்பாடு, தகவல் தொடர்பு எல்லாவற்றையும் அதுவே கொடுக்கும். பிரியும் வேலையே கிடையாது, கேமராவைப் போல்ட் போட்டு முடுக்கினால் போதும். 2024 டிசம்பர் 30-இல் சி60-இல் போன போயம்-4 சோதனைக் கருவிகள் 24-ஐச் சுமந்தது. 350 கி.மீ.க்கு இறக்கி இயக்கினார்கள். அந்த உயரத்தில் நெல்லிக்கனியின் 30 மீட்டர் 21 ஆகிவிடும்.

தகடூரான்
அதே சி60-இன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 55 டிகிரி சாய்வு என்பதையும் சொல்லுங்கள். விண்ணில் ஒன்றோடொன்று இணையும் ஸ்பேடெக்ஸ் கோள்களுக்காகத் தேர்ந்த பாதை அது, சூரிய ஒத்திசைவுப் பாதை அல்ல. இன்று காலை 10 மணிக்குத் தோப்பைக் கடந்தால் சில வாரம் கழித்து இருட்டில் கடக்கும். தை, மாசியில் வெளிச்சம் கிடைக்குமா என்பதை ராக்கெட்டின் முதன்மைக் கோளுக்கு உரியவர்தான் முடிவு செய்வார், நாம் அல்ல. அதோடு 2025 மே 18-இல் சி61, 2026 ஜனவரி 12-இல் சி62, இரண்டும் மூன்றாம் கட்டத்தில் தோற்றன. நான்காம் கட்டம் பாதைக்கே வரவில்லை என்றால் மேடை ஏது?

கேஆர்பி அலை
மறுக்கவில்லை. ஆனால் 2024 ஜூலையில் ஃபால்கன் 9 மேல் கட்டத்தில் திரவ ஆக்சிஜன் கசிந்து 20 ஸ்டார்லிங்க் கோள்கள் வீணாயின. இஸ்ரோவின் சிறு ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம் 2022 ஆகஸ்ட் 7-இல் உணரிகள் அதிர்வில் தடுமாறியதால் உச்சத்தில் 356, தாழ்வில் வெறும் 76 கி.மீ. என்ற நிலைக்காத பாதையில் போய் முடிந்தது. போயத்தில் தோற்றால் ஒரு கேமரா பலகை போகும். உங்கள் வழியில் பேட்டரி, ரேடியோ, ஆன்டெனா, சூரியப் பலகை எல்லாம் சேர்ந்து போகும்.

தகடூரான்
அந்த ரேடியோவையும் பேட்டரியையும் செய்து பார்க்கத்தானே மாணவர்கள் வருகிறார்கள்? கேமராவை மட்டும் போல்ட் போடுவது பயிற்சியில் கால்வாசி. சென்டினல் இலவசம் என்பதற்காக யாரும் எதையும் செய்யக் கூடாதா?

நெல்லிக்கனி
செய்யட்டுங்க. மாந்தோப்புன்னு பேர் வெச்சுச் செய்ய வேணாம்னுதான் சொல்றேன். 435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் அமெச்சூர், அதாவது வியாபார நோக்கமில்லாத ஆர்வலர் ரேடியோ கோள்களுக்கு. சர்வதேச அமெச்சூர் ரேடியோ சங்கமான ஐ.ஏ.ஆர்.யூ.கிட்ட அலைவரிசை ஒருங்கிணைப்பு கேட்டா நோக்கம் என்னன்னு எழுதணும். கூழ் ஆலைக்கு விளைச்சல் தகவல்னு எழுதினா அது அமெச்சூர் வேலை இல்ல. வேற அலைவரிசைக்குப் போனா ரேடியோ, ஆன்டெனா எல்லாமே மாறும். இதுக்கு மேல மத்திய அரசோட அலைவரிசைப் பிரிவான டபிள்யூ.பி.சி. உரிமமும், விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தர்ற இன்-ஸ்பேஸ் அனுமதியும் வேணும். ராக்கெட் சீட்டு போடறதுக்கு முன்னாடியே இந்தக் காகிதம் கிளம்பணும்.

ஓசூர் வி.எம்.சி.
ஆன்டெனான்னு சொன்னதால ஒண்ணு. மடக்கிக் கட்டின ஆன்டெனாவை நைலான் நூலைச் சுட்டு விரிக்கிற முறை வெச்சா நூலைச் சுட ஒரே ரெசிஸ்டரை நம்பாதீங்க, ரெண்டு வைங்க, தனித்தனி வயரிங்ல. ராக்கெட்டை விட்டுப் பிரிஞ்சு 30 நிமிஷம் எதையும் விரிக்கக் கூடாது, 45 நிமிஷம் சிக்னல் விடக் கூடாதுங்கிறது விதி. அதுக்குள்ள நிழலுக்குள்ள போயிட்டா பேட்டரி குளிர்ந்து மின்னழுத்தம் தொங்கும், நூல் அரைகுறையா உருகி நிக்கும். ஒருதரம் சுட்டதோட விட்டுடாம, ஆன்டெனா விரிஞ்சதுன்னு சுவிட்ச் சொல்ற வரைக்கும் ஒவ்வொரு சுற்றுலயும் வெயில்ல வந்ததும் மறுபடி சுடற மாதிரி நிரல் எழுதுங்க.

தகடூரான்
அந்தச் சுவிட்சே சிக்கிக்கொண்டால்?

ஓசூர் வி.எம்.சி.
10 தரம் சுட்டுட்டு, விரிஞ்சிருச்சுன்னே வெச்சு பீக்கன், அதாவது அடையாள சிக்னல், அனுப்ப ஆரம்பிக்கணும். பாதி விரிஞ்ச ஆன்டெனாலயும் கொஞ்சம் சிக்னல் கசியும்.