பரிணாமப் பாடமும் ஒரு ஸ்டிக்கரும்: அமெரிக்கப் பள்ளிகளில் நீங்கள் கண்டது என்ன?

பீச்மரம்

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: “பையன் ஒன்பதாவது போகிறான். இங்கே பரிணாமம் ஒழுங்காக நடத்துவார்களா?” சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். முதலில் என் கதை.

2004 ஆகஸ்ட். அட்லாண்டாவுக்கு வடமேற்கே காப் கவுண்டியில் இருந்தோம். மகள் பயாலஜி புத்தகத்தைக் கொண்டுவந்தாள். தூக்கினால் கை கடுக்கும். உள்ளே ஒரு ஸ்டிக்கர்: ‘இந்தப் பாடநூலில் பரிணாமம் பற்றிய பகுதிகள் உள்ளன. உயிர்களின் தோற்றத்தைப் பொறுத்தவரை பரிணாமம் ஒரு தியரி, உண்மை அல்ல. இதைத் திறந்த மனத்தோடு அணுகி, கவனமாகப் படித்து, சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.’

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. நான் பிளஸ் டூ படித்தபோது தியரி 150 மார்க், பிராக்டிகல் 50 மார்க். பரிணாமத்துக்குப் பிராக்டிகல் கிடையாதே, தியரிதானே என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிட்டேன். குவிந்து கிடக்கும் சான்றுகளை ஒன்றுசேர்த்து விளக்குவதைத்தான் அறிவியலில் தியரி என்கிறார்கள் என்பதும், அதை யாரோ ஒருவரின் ஊகம் போலப் படிக்க வைக்கவே அந்த ஸ்டிக்கர் என்பதும் பிற்பாடுதான் உறைத்தது.

2002இல் பெற்றோர்கள் சுமார் 2,300 கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்த பிறகு, ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஸ்கூல் போர்டு ஒட்ட வைத்தது அது. கையெழுத்துப் போட்டவர்களில் எங்கள் பக்கத்து வீட்டம்மாவும் உண்டு. தங்கமான மனுஷி. எனக்கு ஆபீசில் நேரமானால் மகளை அவர்தான் வீட்டில் உட்கார வைத்துக்கொள்வார். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர், ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பாவிடம், “உங்கள் மதத்தில் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?” என்று கேட்டார். அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம் என்று விரல்விட்டு எண்ணி, மீனில் ஆரம்பித்து மனிதனில் முடிகிறது பாருங்கள், டார்வினுக்கு முன்பே நம் ஆட்கள் சொல்லிவிட்டார்கள் என்றார். நான் நெளிந்துகொண்டே மொழிபெயர்த்தேன். “அருமை! இதையும் சேர்த்தே வகுப்பில் சொல்லிக் கொடுக்கலாமே” என்றார் அந்தம்மா. மனதாரத்தான் சொன்னார். மகள்தான் தலையில் கைவைத்துக்கொண்டாள்: “தாத்தா, அதெல்லாம் வீட்ல சொல்லுங்க. டெஸ்ட்ல எழுதினா எனக்கு முட்டைதான்.”

பெற்றோர் சிலர் வழக்குப் போட, அரசுப் பள்ளி மதத்துக்குப் பரிந்து பேசக் கூடாது என்று 2005 ஜனவரியில் நீதிபதி கிளாரன்ஸ் கூப்பர் ஸ்டிக்கர்களை எடுக்கச் சொன்னார். 34,000க்கும் மேற்பட்ட புத்தகங்களிலிருந்து சுரண்டி எடுத்தார்கள். மேல்முறையீட்டில் வழக்கு மறுபடி விசாரிக்கச் சொல்லித் திரும்பி வந்தாலும், இனி ஒட்ட மாட்டோம் என்று போர்டு 2006 டிசம்பரில் சமரசத்துக்கு வந்துவிட்டது. இன்னொரு கூத்து: 2004 ஆரம்பத்தில் மாநிலக் கல்வித் தலைவர், பரிணாமம் என்ற சொல்லையே எடுத்துவிட்டு ‘காலப்போக்கில் உயிரியல் மாற்றங்கள்’ என்று போடப் பார்த்தார். சர்ச்சில் ஞாயிறு பைபிள் வகுப்பு எடுத்துவந்த முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரே கண்டித்தார். சொல் திரும்பி வந்தது.

சரி, நீங்கள் சொல்லுங்கள்.

யார்க் பக்கத்து ஆள்

அதே சமயம் நான் பென்சில்வேனியாவில், டோவருக்கு அடுத்த ஊரில் இருந்தேன். அங்கே ஸ்டிக்கருக்குப் பதில் ஓர் அறிக்கை. டார்வின் சொன்னதில் ஓட்டைகள் உண்டு, உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி திட்டமிட்டு வடிவமைத்தது என்கிற ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்று இன்னொரு விளக்கமும் இருக்கிறது, வேண்டுமானால் லைப்ரரியில் ‘ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்’ புத்தகத்தைப் பாருங்கள் என்று ஒன்பதாம் வகுப்பில் படிக்க வேண்டும். அறிவியல் ஆசிரியர்கள் படிக்க மாட்டோம் என்று ஒட்டுமொத்தமாக மறுத்துவிட்டார்கள். கடைசியில் நிர்வாகத்தினரே வகுப்புக்கு வந்து படித்துவிட்டுப் போனார்கள்.

பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள். ஹாரிஸ்பர்க் கோர்ட்டில் 2005 செப்டம்பர் 26 அன்று விசாரணை ஆரம்பம். லீவு போட்டுவிட்டு ஒருநாள் போய் உட்கார்ந்தேன். முதல் சாட்சி கென்னத் மில்லர். பீச்மரம் தூக்கிய அந்தக் கனமான புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருவர். கத்தோலிக்கர், சர்ச்சுக்குப் போகிறவர்.

நம்மைப் போல ஐடிக்காரர்களுக்கு ஒரு விருந்து சொல்கிறேன். பாண்டா புத்தகத்தின் பழைய வரைவுகளைக் கோர்ட்டில் எடுத்து வைத்தார்கள். பரிணாமம் நடத்தினால், உயிர்களைக் கடவுள் படைத்தார் என்கிற படைப்புவாதத்தையும் நடத்த வேண்டும் என்ற லூசியானா சட்டம் செல்லாது என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், ‘கிரியேஷனிஸ்ட்ஸ்’ (படைப்புவாதிகள்) என்று இருந்த இடங்களில் ‘டிசைன் ப்ரொபோனென்ட்ஸ்’ (வடிவமைப்பு ஆதரவாளர்கள்) என்று மாற்றியிருக்கிறார்கள். ஓரிடத்தில் கை தவறிவிட்டது. பழைய சொல்லின் தலையும் வாலும் அப்படியே நிற்க, நடுவே புதுச் சொல் சொருகிக்கொண்டது. இந்த வரைவுகளைப் பற்றிச் சாட்சி சொன்னவர் தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட். கண்ணை மூடிக்கொண்டு ‘ரீப்ளேஸ்’ தட்டுகிற ஜூனியர்களுக்கு இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

டிசம்பர் 20 அன்று தீர்ப்பு, 139 பக்கம். எழுதியவர் ஜான் ஜோன்ஸ், புஷ் நியமித்த நீதிபதி. அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் ஆகாது என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதினார். அவருக்குக் கொலை மிரட்டல் வந்து பாதுகாப்புப் போட்டார்கள். வழக்குச் செலவு 10 லட்சம் டாலர் பள்ளி மாவட்டத்தின் தலையில் விழுந்தது. அதற்கும் முன்பே, நவம்பர் தேர்தலில், போட்டியிட்ட பழைய போர்டுக்காரர்கள் 8 பேரையும் ஊர் மக்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

நெடுஞ்சாலை

டென்னசியில் டேட்டன் வழியாகப் போனால் ரியா கவுண்டி கோர்ட்டைப் பாருங்கள். 1925 ஜூலையில் ஸ்கோப்ஸ் வழக்கு நடந்த இடம், கீழே அருங்காட்சியகம். பள்ளியில் பரிணாமம் நடத்தக் கூடாது என்று டென்னசியில் சட்டம் இருந்தது; அதை நடத்தியதற்கு ஆசிரியர் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். 1927இல் மாநில உச்ச நீதிமன்றம் நடைமுறைக் கோளாறு என்று அபராதத்தை ரத்து செய்தது. சட்டம் மட்டும் 1967 வரை உயிரோடு இருந்தது. ஊருக்கு விளம்பரம் கிடைக்கட்டும் என்று ஒரு மருந்துக்கடையில் உட்கார்ந்து போட்ட திட்டம்தான் வழக்கே. வாசலில் இப்போது அரசுத் தரப்பில் வாதாடிய பிரையனும் ஸ்கோப்ஸுக்காக வாதாடிய டாரோவும் இரண்டு பேருமே சிலையாக நிற்கிறார்கள். என் பையன் அங்கே ஒரு குரங்குப் பொம்மை வாங்கினான்.

பாளையங்கோட்டைக்காரன்

நான் படித்தது மிஷன் பள்ளி. காலையில் ஜெபம், இரண்டாவது பீரியடில் டார்வின், அடுத்து வேதபாட வகுப்பு. இரண்டுக்கும் ஒரே வாத்தியார் வந்த ஆண்டும் உண்டு. யாரும் முட்டிக்கொண்டு பார்த்ததில்லை. இங்கே வந்த புதிதில் சர்ச் நண்பர் ஒருவர், “நீ கிறிஸ்தவனா, பரிணாமத்தை நம்புகிறவனா?” என்று கேட்டார். “நீங்கள் காபி குடிப்பவரா, கணக்கு வாத்தியாரா?” என்று கேட்பது போல இருந்தது எனக்கு.

தவளை டீச்சர்

நான் தென் மாநிலம் ஒன்றில் அரசுப் பள்ளியில் பயாலஜி எடுக்கிறேன். ஊர் வேண்டாம்.

கோர்ட்டில் யார் ஜெயித்தார்கள் என்பது என் வகுப்பில் பாதிக் கதைதான். 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கணக்கெடுப்பு வந்தது: பரிணாமத்தைத் தயங்காமல் நடத்தும் பயாலஜி ஆசிரியர்கள் 28 சதவீதம், படைப்புவாதத்துக்கு வெளிப்படையாகப் பரிந்து பேசுகிறவர்கள் 13 சதவீதம். மீதி சுமார் 60 சதவீதம் பேர் யாரையும் கோபப்படுத்தாமல் ஒதுங்கிப் போகிறவர்கள். நான் முதல் மூன்று வருடம் அந்த 60இல் இருந்தேன். யாரும் மிரட்டவில்லை. ஒரு பெற்றோர் மெயில், பக்கத்து அறை சீனியர் சொன்ன “ஏம்மா வம்பு, மே மாசக் கடைசியில வச்சுக்கோ.” அவ்வளவுதான். மே கடைசியில் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பாடம் வராது.

நாலாவது வருடம் முதல் பருவத்துக்கே மாற்றினேன். ஆன்டிபயாடிக் மருந்துக்கு அசராத கிருமியில் ஆரம்பிப்பேன். ஒரு பையன் கை தூக்கி, “எங்க பாஸ்டர் இது பொய்னு சொல்றார்” என்றான். “உன்னை நம்பச் சொல்லலப்பா. சான்று என்ன, அதுலேர்ந்து எப்படி முடிவுக்கு வர்றாங்கன்னு புரிஞ்சு எழுது, போதும்” என்றேன். அந்த டெஸ்டில் அவன்தான் முதல் மார்க்.

பீச்மரம்

டீச்சர், நண்பருக்கு என்ன சொல்ல? ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம் என்றிருந்தேன்.

தவளை டீச்சர்

ஸ்டிக்கரையெல்லாம் தேட வேண்டாம். பரிணாமம் எந்த வாரம் வருகிறது என்று டீச்சருக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். கேட்கிற பெற்றோர் இருக்கிறார்கள் என்று தெரிந்தாலே எங்களுக்குத் தெம்பு. சிட்டிசன் என்றால் ஸ்கூல் போர்டு தேர்தலில் ஓட்டுப் போடட்டும். பெரும்பாலும் ஓட்டுச்சீட்டின் கடைசியில்தான் இருக்கும், திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கிரீன் கார்டு என்றால் போர்டு கூட்டத்துக்குப் போகலாம். எங்கள் ஊரில் மூன்று நிமிடம் பேச விடுவார்கள்.