பிபிசி ஃபோரோட 2011: டாக்குமெண்டரி, கலை, நாடகம்... எதுல ஆரம்பிக்கலாம்?

வேலூர்வாசி:
வணக்கம் மக்களே. பிரிட்டன்ல பிபிசி ஃபோர் சேனலுக்கு 2011 பெரிய வருஷம்னு பேசிக்கிறாங்க. சின்ன சேனல், பணமும் கம்மி, ராத்திரி 7 மணிக்கு மேலதான் ஒளிபரப்பே, பகல்ல அதே அலைவரிசையில சீபீபீஸ்னு குழந்தைங்க சேனல் ஓடும், அப்படியிருந்தும் என்னதான் பண்ணுனாங்க? எனக்கு டாக்குமெண்டரின்னா உசுரு, சப்டைட்டில் படிச்சிக்கிட்டே பாக்குறதுதான் அலுப்பு. எதுல தொடங்கலாம்?

யாழ்_லண்டன்:
நான் இஞ்ச லண்டனில இருந்து பாத்தனான். 2011 தை மாசம் 'த கில்லிங்' எண்ட டென்மார்க் தொடர் போட்டவை, சனிக்கிழமை இரவு 9 மணிக்கு அடுத்தடுத்து ரெண்டு எபிசோட். ஒரே ஒரு கொலை, 20 எபிசோட், எபிசோட்டுக்கு ஒரு நாள் கணக்கு. மற்றத் தொடரில பிணத்தைக் காட்டிப்போட்டு விசாரணைக்கு ஓடிடுவினம், இதில பிள்ளையைப் பறிகுடுத்த தாய் தேப்பன்ர வீட்டை விட்டு கதை நகராது, மிச்ச ரெண்டு சின்னப் பெடியளுக்கும் அக்கா செத்ததை என்னெண்டு சொல்லுறது எண்டு அதுகள் படுற பாடு இருக்கே, அதுக்காகவே பாக்கலாம். பிரிட்டன்ர பெரிய டிவி விருதான பாஃப்டாவும் எடுத்தது. சப்டைட்டில் எண்டு தள்ளி வைக்காதேங்கோ, கொஞ்ச நேரத்தில பழகிடும்.

கோவை_வயர்மேன்:
நண்பா, டாக்குமெண்டரின்னா யோசிக்கவே வேண்டாம், 'ஷாக் அண்ட் ஆ' பாருங்க. மின்சாரத்தோட கதை, மூணே பாகம், பிசிக்ஸ் புரொபசர் ஜிம் அல் கலீலி சொல்றாரு. செத்த தவளையோட கால் துடிக்குது, கரண்ட் தவளைக்குள்ளயே இருக்குன்னு கால்வானி சொல்ல, இல்லவே இல்ல, ரெண்டு வேற வேற உலோகம் சேர்ந்ததுல வந்ததுன்னு வோல்ட்டா சண்டைக்கு நிக்க, அந்த சண்டையிலதான் 1800ல முதல் பேட்டரியே பொறந்துச்சு. தினமும் கரண்டோட மல்லுக்கட்டுற எனக்கே அதுல அவ்ளோ விஷயம் இருந்துச்சுங்க. நம்ம ஊட்டி ரயிலையும் இதே சேனல்தான் 2010ல படமா எடுத்தாங்க, இந்திய மலை ரயில்கள் பத்தின வரிசையில அதுவும் ஒண்ணு.

பழையபடப்பிரியன்:
நாடகத்த யாருமே சொல்லலையே. அந்த ஜனவரியில வந்த 'ஹாட்டி' பாருங்க, ஒன்றரை மணி நேரந்தான், சப்டைட்டிலும் வேண்டாம். காமெடி நடிகை ஹாட்டி ஜாக்ஸ், காதலனை வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடுறாங்க, புருஷன் மாடி ரூமுக்குப் போய் அதே வீட்டுலயே இருக்காரு. ஹாட்டியா நடிச்ச ரூத் ஜோன்ஸ் அந்தம்மாவ நல்லவளாவும் ஆக்கல கெட்டவளாவும் ஆக்கல. இவ்ளோ நல்லா போயிட்டிருக்கும்போதே, 2010ல லைசென்ஸ் கட்டணத்தை (டிவி பாக்க அங்க ஜனங்க கட்டுறது, பிபிசிக்கு வருமானமே அதான்) ஏத்தாம உறைய வச்சதால 2011 அக்டோபர்ல பிபிசி செலவுக் குறைப்பு அறிவிச்சாங்க, இந்த சேனலோட சொந்த நாடகத்துலதான் கை வச்சாங்க, 2013ல 'பர்ட்டன் அண்ட் டெய்லர்' வந்ததோட அது முடிஞ்சுபோச்சு. கம்மி காசுல அப்படி எடுத்தவங்கள நிறுத்துனது பெரிய தப்பு, இன்னிக்கும் எனக்கு ஆறல.