விஷன் புரோவா, குவெஸ்ட் 3-ஆ: பாட்டிக்கு எது ஏற்றது?

கேள்வி: குளுவாங் (மலேசியா) வாசி

வணக்கம். என் பாட்டி முப்பது ஆண்டுகள் ரப்பர் பால்மரம் சீவிய தோட்டத்தில் இப்போது செம்பனைதான் நிற்கிறது. லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) போய்விட்டன, மாரியம்மன் கோயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பாட்டியால் இனி அவ்வளவு தூரம் போக முடியாது என்பதால், இவ்வாண்டுத் திருவிழாவை 5.7கே அளவுள்ள, சுற்றிலும் எல்லாத் திசையையும் பிடிக்கும் 360 பாகைக் கேமராவில் பதிவு செய்திருக்கிறேன். அதை அவர் உள்ளே நின்று பார்ப்பது போலப் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

சிங்கப்பூரில் வேலை செய்யும் மாமா மகன் விடுமுறைக்கு வந்தபோது, கண்களை மூடித் தலையில் மாட்டும் மெய்நிகர்த் திரைக் கருவியான ஆப்பிள் விஷன் புரோவை அரை மணி நேரம் அணிந்து பார்த்தேன். அதை மாட்டியபடியே எதிர்ச்சுவர் நாட்காட்டியில் ராகுகாலத்தைப் படிக்க முடிந்ததும், பார்த்த இடத்தில் விரல்களைச் சேர்த்தாலே கட்டளை நிறைவேறியதும் என்னை வியக்க வைத்தன. மறுநாள் நண்பர் வீட்டில் பார்த்த, அதே வகைக் கருவியான மெட்டா குவெஸ்ட் 3-இல் அந்தக் கூர்மை இல்லை. ஆனால் விஷன் புரோவின் அறிமுக விலை 3,499 அமெரிக்க டாலர், குவெஸ்ட் 3-இன் அறிமுக விலை 499.99 டாலர். பாட்டி மூக்குக்கண்ணாடி அணிபவர்; ஒரு கண்ணில் புரை நீக்கியவர். ஏழு மடங்கு விலை கொடுப்பது தகுமா?

பதில்: கண்ணாடிக் கடை ஊழியர், கூலிம்

விஷன் புரோவுக்குள் மூக்குக்கண்ணாடி அணிய இயலாது. அவரவர் பார்வை அளவுக்கு ஜெய்ஸ் (Zeiss) நிறுவனம் செய்து தரும் வில்லைகளைக் காந்தத்தால் உள்ளே பொருத்த வேண்டும். ஆகவே பாட்டிக்கு ஒரு ஜோடி, நீங்களும் கண்ணாடி அணிபவரானால் உங்களுக்கு ஒரு ஜோடி என்று செலவு கூடும். தவிர, அதில் கண்ணே சுட்டி. இமை தளர்ந்தவர்களுக்கு அது எளிதாக இராது. ஒரு கண்ணை மட்டும் பின்தொடரும்படியோ தலையசைவால் சுட்டும்படியோ மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், அதை அருகிலிருந்து ஒருவர் அமைத்துத் தர வேண்டும். குவெஸ்ட் 3-இலோ முகப்பகுதியைச் சற்று முன்னே நகர்த்தினால் மூக்குக்கண்ணாடியோடு அணியலாம். பெரும்பாலான சட்டங்கள் அதில் அடங்கிவிடும்.

பதில்: காணொளிப் பதிவாளர், பீடோர்

கூர்மையைப் பற்றி ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் பதிவின் அகலம் 5,760 புள்ளிகள். அது 360 பாகைக்கும் பரவும்போது பாகைக்கு 16 புள்ளிகளே கிடைக்கும். குவெஸ்ட் 3 காட்டும் சுமார் 110 பாகைக்குள் 1,760 புள்ளிகள் விழும். அதன் திரையிலோ ஒரு கண்ணுக்கு 2,064 புள்ளி அகலம் இருக்கிறது. மலிவான திரையையே உங்கள் பதிவு நிரப்பாதபோது, இரு கண்களுக்கும் சேர்த்து 2 கோடியே 30 லட்சம் புள்ளிகள் கொண்ட விஷன் புரோ புதிதாக எதைக் காட்டும்? அதன் சிறப்பு நீங்கள் நாட்காட்டியில் கண்டதுதான்: சுற்றியுள்ள அறையைத் தெளிவாகக் காட்டுவது. பாட்டி பார்க்க விரும்புவது அறையை அல்ல, கோயிலை.

எடையையும் நினையுங்கள். குவெஸ்ட் 3 மின்கலத்தோடு 515 கிராம். 2024-இல் வந்த முதல் விஷன் புரோ 600 முதல் 650 கிராம் வரை, 353 கிராம் மின்கலம் தனி. பாட்டி கொண்டை போடுபவரா? அந்த முதல் விஷன் புரோவின் அகலமான பின்னல் பட்டை பின்தலையை முழுவதும் அணைத்துக்கொள்ளும். குவெஸ்டின் பட்டை பின்னால் இரண்டாகப் பிரிவதால் கொண்டையை நடுவில் விட்டு இறுக்கலாம்.

பதில்: குளுவாங் வாசி

இருவருக்கும் நன்றி. நண்பரின் குவெஸ்டையே இரண்டு நாளுக்குக் கேட்டு வாங்கி வந்தேன். பாட்டியை நாற்காலியில் அமர்த்தி, முதலில் வீட்டுக் கூடமே தெரியும்படி வைத்து, அவர் என் கையைப் பிடித்துக்கொண்ட பிறகு கோயிலைத் திறந்தேன். கரகம் வரும்போது கைகூப்பினார். பிறகு மெல்லத் திரும்பி, தம் லயம் இருந்த திசையை வெகுநேரம் பார்த்தார். அங்கே செம்பனைதான் தெரிந்தது.

கூர்மையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. தாம் ஆளுயரத்துக்கு மேலே மிதப்பது போல இருக்கிறது என்றார். நான் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்ததன் விளைவு அது. அடுத்த திருவிழாவில் அதை உட்கார்ந்த உயரத்தில், கிணற்றடியில் வைக்கச் சொல்லியிருக்கிறார்.