ஐஸ் ஹாக்கிப் பையில் எதுவும் விடுபடாமல் அடுக்குவது எப்படி?

ஸ்கார்பரோ அம்மா:
மகன் இந்த வருடம் ஐஸ் ஹாக்கியில் சேர்ந்திருக்கிறான். பை அவன் உயரத்துக்கு இருக்கிறது, ஆனாலும் அரங்கில் போய்த் திறந்தால் ஏதாவது ஒன்று இருக்காது. நீங்கள் எப்படி அடுக்குகிறீர்கள்?

பதில் 1:
அக்கா, உடுத்தும் வரிசையிலேயே தரையில் பரப்பி, மகனையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்: கவட்டுக் காப்பு, ஷின் பேட் (முழங்காலுக்கும் கணைக்காலுக்குமான காப்பு), சாக்ஸ், பேன்ட், ஸ்கேட், அப்புறம் தோள் பேட், முழங்கை பேட், கழுத்துக் காப்பு, ஜெர்சி, ஹெல்மெட், கையுறை.

பதில் 2:
கழுத்துக் காப்பு சின்னதாக இருப்பதால் அதுதான் முதலில் தொலையும், ஹெல்மெட்டுக்குள்ளேயே போட்டு வையுங்கள். இங்குள்ள ஹாக்கி அமைப்பான ஹாக்கி கனடாவின் விதிப்படி சிறுவர்கள் அது இல்லாமல் ஆட இறங்க முடியாது.

பதில் 3:
காயப்போட்ட இடத்தில்தான் பாதி நின்றுவிடும், அங்கே ஒருமுறை பாருங்கள். ஸ்கேட் பிளேடை ஈரம் போகத் துடைத்துத் துணி உறை போடுங்கள், பிளாஸ்டிக் உறையோடு பையில் வைத்தால் துருப்பிடிக்கும்.