குத்தாலத்துல எண்ணெயோட நின்ன அப்பா: சிரிக்க எத்தனை வருஷம் ஆகும்?

சாரல்பிரியன்:
ரொம்ப வருஷம் முன்னாடி, குத்தாலத்துல எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கத் தடை வர்றதுக்கு முந்தி, ஒரு ஜூலை மாசம். மதுரையிலிருந்து வேன் பிடிச்சு பன்னிரண்டு பேர் குத்தாலம் போனோம். எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கலன்னா குத்தாலம் எதுக்கு, வீட்டுக் குழாயே போதும்னு சொல்ற ஆள் எங்கப்பா. மெயினருவி பக்கத்துல பேரம் பேசி முடிச்சு, ஆம்பளைங்க அஞ்சு பேரும் துண்டைக் கட்டிட்டு வரிசையா உக்காந்தோம். தேய்க்கிறவர் அப்பா உச்சந்தலையில ஒரு கை எண்ணெயை வச்சுத் தபலாவே வாசிச்சுட்டார். உள்ளங்கால் வரைக்கும் சொட்டச் சொட்ட எண்ணெய்.

எழுந்து திரும்புறோம், விசில் சத்தம். பாதுகாப்பு வளைவைத் தாண்டி செம்மண் நிறத்துல தண்ணி கொட்டுது. போலீஸ்காரர் எல்லாரையும் வெளியேத்திட்டு இருக்கார். "எப்ப சார் விடுவீங்க?"ன்னு அப்பா கேட்டார். அவர் அப்பாவைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

வேன் டிரைவர் சாப்பிடப் போயிட்டார், போனை எடுக்கல. ஆட்டோக்காரங்க எங்களைப் பார்த்ததும் சீட்டைத் தடவிப் பார்த்துட்டு வண்டியை எடுத்துட்டாங்க. கடைசியா ஒருத்தர் முந்நூறு ரூபாய்க்கு ஒத்துக்கிட்டார், பேப்பர் விரிச்சுத்தான் உக்காரணும்னு. லாட்ஜ்ல சீயக்காய் பாக்கெட் பதினேழு காலி. தம்பி முதுகைக் கண்ணாடியில காட்டினா அன்னிக்குத் தங்கம் விலை தெளிவாத் தெரிஞ்சுது.

அம்மா, சித்தி, அத்தை எல்லாரும் முன்னாடியே குளிச்சு முடிச்சு, தலை துவட்டிக்கிட்டே எங்களைப் பார்த்துச் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புதான் அப்பாவுக்கு இன்னும் ஆறல. பொங்கலுக்கு எல்லாரும் கூடினா இந்தக் கதை கட்டாயம் வரும், அப்பா துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு எழுந்து போயிடுவார். உங்க வீட்ல எல்லாம் இந்த மாதிரிச் சொதப்பல் எப்பச் சிரிப்பா மாறுச்சு?

மாடிவீட்டு மருமக:
எங்க வீட்ல மூணு வருஷம் ஆச்சு. திருச்சியில ராத்திரி 12.20 வண்டி. டிக்கெட்ல 14ன்னு போட்டிருக்கு. 13ந்தேதி ராத்திரி சாப்பிட்டதும் கிளம்பியிருக்கணும், எங்க வீட்டுக்காரர் 14ந்தேதி ராத்திரி கூட்டிட்டுப் போனார். ஏறினா எங்க பெர்த்துல வேற குடும்பம் போர்த்திப் படுத்திருக்கு. இவர் அவங்களை எழுப்பிச் சண்டை வேற போட்டார்! டிடிஇ டிக்கெட்டை வாங்கிப் பார்த்துட்டு, "சார், இது நேத்தே போயிடுச்சு"ன்னார்.

பிளாட்பாரத்துலயே உக்காந்து எட்டு பேரும் புளியோதரையைப் பிரிச்சோம். ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து கேட்டைத் திறந்தா, எதிர்வீட்டு மாமா திருடன்னு நினைச்சுக் கம்போட நிக்கிறார். ஒரு கல்யாணத்துல இவரே "என் ஃப்ரெண்டு ஒருத்தன்"னு இந்தக் கதையைச் சொல்லிச் சிரிச்சார். நான் வாயைத் திறக்கல.

கொண்டை ஊசி:
கொல்லிமலை. 70 வளைவு. மாப்பிள்ளையோட புதுக் கார். என் தம்பி 14ஆவது வளைவுல வாந்தியை ஆரம்பிச்சான். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. மாப்பிள்ளை இன்னும் சிரிக்கல, காரைத்தான் வித்துட்டார்.

தென்காசிக்காரன்:
சாரல்பிரியன் அண்ணே, கீழ வெயிலடிக்குதான்னு பார்த்து எண்ணெய் வச்சிருக்கக் கூடாதுண்ணே. மேல மலையில மழை பெஞ்சா கொஞ்ச நேரத்துல வெள்ளம் இறங்கிரும். சாதாரண நாள்ல தண்ணி, அருவிக்கு நடுவுல இருக்கிற பொங்குமாங்கடல்ங்கிற ஆழமான பள்ளத்துல விழுந்து வேகம் தணிஞ்சுதான் கீழ வரும், வெள்ளத்துல அந்தப் பேச்சுக்கே இடமில்ல. முதல்ல அருவியைப் போய்ப் பாத்துட்டு, அங்க நிக்கிற போலீஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் உக்காந்திருக்கணும். எண்ணெய் தேய்க்கிறவர்கிட்ட கேட்டா "தாராளமா குளிக்கலாம் வாங்க"ன்னுதான் சொல்லியிருப்பாரு. எங்க மாமாவும் ஒரு தடவை இப்படித்தான் மாட்டினாரு. உள்ளூர்க்காரரு வேற.

சாரல்பிரியன்:
நேத்து ராத்திரி இதையெல்லாம் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். தென்காசிக்காரரோட மாமா உள்ளூர்க்காரர்ங்கிற இடத்துல, "இன்னொரு தடவை வாசி"ன்னார். வாசிச்சேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "ஆட்டோவுக்கு முந்நூறு இல்லடா, இருநூத்தம்பது. நான் பேசிக் குறைச்சேன்"னார்.