சனிக்கிழமை கல்லூரி, ஞாயிற்றுக்கிழமை லயன்ஸ்

மிச்சிகனில் குடியிருப்பவர்களுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் சீசன் வந்துவிட்டால் சனிக்கிழமை கல்லூரி ஆட்டம், ஞாயிறு எங்கள் டெட்ராய்ட் லயன்ஸ் ஆடும் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக். நான் இரண்டையும் விடுவதில்லை. ஆனால் மனசு கல்லூரி ஆட்டத்தில்தான் அதிகம். அதனால்தான் அங்கே நடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

2023 நவம்பர் 25, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆன் ஆர்பர் மைதானம். பரம எதிரி ஒஹையோ ஸ்டேட்டுடன் ஆட்டம். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேருக்கு மேல் கூட்டம். மூன்றாவது குவார்ட்டரில் 17-17 என்று இருந்தபோது மிச்சிகன் லைன்மேன் (எதிரணியைத் தடுத்து நிறுத்தும் வீரர்) ஸாக் ஸின்டர் கால் முறிந்து விழுந்தார். அவரை வண்டியில் ஏற்றும்வரை மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. என் முன்வரிசையில் ஒஹையோ ஸ்டேட் ஜாக்கெட் போட்ட ஒரு பாட்டி. அதுவரை எங்கள் அணியை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தவர், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்தபடி எழுந்து நின்றார். ஆட்டம் மறுபடி தொடங்கியதும் முதல் பந்திலேயே எங்கள் பிளேக் கோரம் 22 யார்டு ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன்! ஓடி முடித்ததும் விரல்களால் 6, 5 என்று காட்டினார். ஸின்டரின் சட்டை எண் 65. பாட்டி என் பக்கம் திரும்பி, "அந்தப் பையன் நல்ல பையன்" என்றார். அப்புறம் மறுபடி திட்ட ஆரம்பித்துவிட்டார். 30-24 என்று ஜெயித்தோம்.

லயன்ஸ் கதை வேறு. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1992 ஜனவரியில் லயன்ஸ் டல்லஸை 38-6 என்று வீழ்த்தியதை நேரில் பார்த்தவர். அதன்பின் 32 வருடம் சீசன் முடிவில் நடக்கும் பிளேஆஃப் நாக்அவுட் ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. 2024 ஜனவரியில் பிளேஆஃப் ஆட லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் டெட்ராய்ட்டுக்கு வந்தது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் அதன் குவார்ட்டர்பேக், பன்னிரண்டு சீசன் லயன்ஸுக்காக உழைத்த மேத்யூ ஸ்டாஃபர்ட். அவருக்கு மாற்றாக ராம்ஸ் அனுப்பிவைத்த ஜாரெட் காஃப் எங்கள் பக்கம். 24-23 என்று லயன்ஸ் ஜெயித்தது. பெரியவர் வீட்டு வரவேற்பறையில் சேர்ந்து பார்த்தோம். கடைசி விசிலுக்குப் பிறகு அவர் பேசவே இல்லை, என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2023 கோடையில், அது ஆடிவந்த மேற்குப் பகுதிக் கல்லூரிகளின் பாக்-12 கூட்டமைப்பு உடைந்தது. வாஷிங்டன், ஆரிகன், யுஎஸ்சி, யுசிஎல்ஏ எல்லாம் தொலைக்காட்சிப் பணம் தேடி எங்கள் பிக் டென் கூட்டமைப்புக்குப் போயின. அவருடைய கல்லூரியும் ஆரிகன் ஸ்டேட்டும் மட்டும் அநாதையாக நின்றன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் இந்த இரண்டு பழைய எதிரிகளும் மோதும் ஆப்பிள் கப் ஆட்டத்தில் அதே வாஷிங்டனை 24-19 என்று வென்றார்கள். திங்கட்கிழமை அலுவலகத்துக்கே டோனட் வாங்கிவந்தார். சீசன் முடிவதற்குள் அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜான் மடீர் ஓக்லஹோமாவுக்கு, கோச் வேக் ஃபாரஸ்டுக்கு என்று வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். சொல்லும்போது மனிதர் குரல் கம்மிவிட்டது.

பையன்களுக்குப் பணம் கொடுத்ததுதான் விளையாட்டைக் கெடுத்தது என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட தீர்வின்படி ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்கள் எல்லோருக்குமாக முதல் ஆண்டில் (2025-26) சுமார் 2.05 கோடி டாலர் வரை பகிர்ந்துகொடுக்கலாம் என்று ஆனது. கால் முறிபவன் அவன்தானே, பங்கு கேட்பதில் என்ன தப்பு? மடீர் போனதிலும் எனக்குக் கோபம் இல்லை. கோச் போகலாம், அவன் போகக்கூடாதா? ஆனால் பக்கத்து ஊர் எதிரியோடு ஆடும் வழக்கத்தை உடைத்து, மேற்குக் கரைப் பையன்களை நியூ ஜெர்சிவரை விமானத்தில் அலையவிட்டது ஆட்டக்காரர்கள் இல்லை. ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பெரிய மனிதர்கள். அவர்களை யாரும் குறை சொல்வதில்லை.

ஆப்பிள் கப்புக்கு 2028 வரை ஒப்பந்தம் இருக்கிறது. அதற்குப் பிறகும் அது ஒவ்வொரு வருடமும் நடக்க வேண்டும். மிச்சிகன்காரனான எனக்கும் அது வேண்டும்.