ஹானர் சொசைட்டி அழைப்பு வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எம்.எஸ். மாணவன், டெக்சாஸ்

வணக்கம். இந்த வாரம் எனக்கு ஃபை காப்பா ஃபை என்ற ஹானர் சொசைட்டியிலிருந்து, அதாவது நன்றாகப் படிக்கிற கல்லூரி மாணவர்களை அழைத்து உறுப்பினராக்கும் சங்கத்திலிருந்து, கடிதம் வந்திருக்கிறது. சேரலாமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். தயக்கத்துக்குக் காரணம் உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் இங்கே அமெரிக்காவில் வந்து இறங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "உங்கள் கல்விச் சாதனைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்" என்று வேறொரு சொசைட்டியிலிருந்து ஒரு மின்னஞ்சல். கிரேக்க எழுத்தில் பெயர், பொன்னிற முத்திரை, பார்க்க அவ்வளவு கம்பீரம். ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அப்பா மறுநாள் அலுவலகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்திருக்கிறார். 90 டாலர் கட்டினேன். அன்றைய நிலைமையில் அது எனக்கு மூன்று வார மளிகை.

ஒரு சான்றிதழும் சட்டையில் குத்திக்கொள்ளும் பின்னும் வந்தன. அப்புறம் தள்ளுபடி விளம்பரங்கள் மட்டும்தான். கூட்டம் எங்கே நடக்கும் என்று டிபார்ட்மென்ட் அட்வைசரிடம் போய்க் கேட்டேன். நம் வளாகத்தில் அந்தப் பெயரில் கிளையே கிடையாது என்றார். "உனக்கு இன்னும் ஒரு கிரேடுகூட வரவில்லையே, எந்தச் சாதனையைப் பார்த்து அழைத்தார்கள்?" என்றும் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அப்பாவிடம் இதுவரை சொல்லவில்லை.

மெக்கானிக்கல் படித்தவள், மிச்சிகன்

தம்பி, உன் அட்வைசர் கேட்டதுதான் சரியான கேள்வி. எனக்கு டௌ பீட்டா பை என்ற பொறியியல் ஹானர் சொசைட்டியின் கடிதம் வந்தது மூன்றாம் ஆண்டில். பொறியியல் மாணவர்களில் மூன்றாம் ஆண்டில் முதல் எட்டில் ஒரு பங்குக்குள், நான்காம் ஆண்டில் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் கூப்பிடுவார்கள். அதுவும் தகுதிதான், இடம் உறுதி இல்லை. அதன் பிறகு நம்மைப் பார்க்கிறார்கள்.

அந்த செமஸ்டரை மறக்க முடியாது. எங்கள் கிளையில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பித்தளை வார்ப்பைக் கொடுத்தார்கள், கரடுமுரடாக. ரயில் பாலத்தைத் தாங்கும் சட்டத்தின் வடிவம் அது. பென்ட் என்பார்கள், அதுதான் அவர்களின் சின்னம். அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்க வேண்டும். எனக்குப் பதினோரு நாள் ஆனது. விரல் நுனியெல்லாம் கறுத்துப் போனது. மாலையில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கால்குலஸ் சொல்லிக்கொடுப்பது, சனிக்கிழமை பள்ளிக் குழந்தைகளுக்கு அறிவியல் செய்து காட்டுவது என்று சேவை நேரம் வேறு. இதையெல்லாம் முடித்த பிறகுதான் சேர்க்கும் சடங்கு. அதைப் பற்றி வெளியே சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1885-இல் லீஹை பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியர் இதைத் தொடங்கினார். பழம்பெரும் ஃபை பீட்டா காப்பா கலை, அறிவியல் படிப்பவர்களுக்கானது. பொறியியல் பிள்ளைகளுக்கு அப்படியொன்று இல்லையே என்றுதான். ஆனால் பெண்களை உறுப்பினராக ஏற்க 1969 வரை ஆனது. அதற்கு முன் ஆண்களுக்குச் சமமான மதிப்பெண் எடுத்த பெண்ணுக்குக் கிடைத்தது தனியாக ஒரு ‘பெண்கள் பேட்ஜ்’ மட்டும். உறுப்பினர் புத்தகத்தில் நான் கையெழுத்துப் போட்டபோது அவர்களைத்தான் நினைத்தேன். என் பென்ட் இப்போதும் மேஜை மேல் இருக்கிறது.

அப்பா ஒருவர், பென்சில்வேனியா

ஹானர்ஸ் காலேஜ் என்பது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே சிறந்த மாணவர்களுக்கான தனிப் பிரிவு; அது வேறு, ஹானர் சொசைட்டி வேறு. எங்கள் வீட்டில் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொண்டோம், அதனால் சொல்கிறேன்.

மகள் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஷ்ரையர் ஹானர்ஸ் காலேஜில் படித்தாள். அதற்கு யாரும் கடிதம் போட்டு அழைப்பதில்லை, கட்டுரைகள் எழுதி நாமே விண்ணப்பிக்க வேண்டும். சின்னச் சின்ன வகுப்புகள், பாடங்களைப் பதிவு செய்வதில் முன்னுரிமை, இதெல்லாம் உண்டு. ஆனால் பட்டத்தில் ஹானர்ஸ் வேண்டுமென்றால் ஆய்வேடு எழுதியே தீர வேண்டும்.

திராட்சைக் கொடிகளை உறிஞ்சி அழிக்கிற லான்டர்ன்ஃப்ளை பூச்சியை எடுத்துக்கொண்டாள். 2014-இல் எங்கள் மாநிலத்தில்தான் இந்த நாட்டிலேயே முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். நான்காம் ஆண்டு அக்டோபரில் ஒரு ராத்திரி போன் செய்து, "அப்பா, ஹானர்ஸே வேண்டாம், விட்டுவிடுகிறேன்" என்று அழுதாள். விடாதே என்றுதான் என் வாயில் வந்தது. அவள் அம்மா போனை வாங்கி, "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் அவள் வழிகாட்டியிடம் போய் உட்கார்ந்து, ஐந்து கேள்விகளை இரண்டாகச் சுருக்கிக்கொண்டு வந்தாள். ஏப்ரலில் முடித்தாள். விழாவில் கழுத்தில் பதக்கம் போட்டார்கள். எனக்கென்னவோ அந்தப் பதக்கத்தைவிட, ஒரு கேள்வியை எவ்வளவு சிறிதாக்கினால் பதில் சொல்ல முடியும் என்று இருபத்தோரு வயதில் கற்றுக்கொண்டாளே, அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

எச்-4 அம்மா, நியூ ஜெர்சி

நான் உங்கள் எல்லோருக்கும் எதிர்ப்பக்கம். உண்மையான கடிதத்தைக் குப்பையில் போட்டவள்.

கல்யாணமாகி, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்து ஒன்பது வருடம் வீட்டிலேயே இருந்தேன். 38 வயதில் கம்யூனிட்டி காலேஜில் அக்கவுன்டிங் சேர்ந்தேன். இரண்டாவது செமஸ்டரில் ஃபை தீட்டா காப்பா என்று கடிதம். யாரோ பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று கிழித்துவிட்டேன். வகுப்பு முடிந்ததும் பேராசிரியை தனியாகக் கூப்பிட்டு, "ஏன் பதிலே போடவில்லை? உன் பெயரைப் பட்டியலில் பார்த்துச் சந்தோஷப்பட்டேனே" என்றார். அப்போதுதான் தெரிந்தது, இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கென்றே 1918-இல் மிசௌரியில் தொடங்கியதாம் அது. அங்கே எங்களைப் போன்ற அம்மாக்கள், ராத்திரி வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் என்று பலர் உறுப்பினர்கள். நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது இதன் உறுப்பினர்களுக்கென்றே பல இடங்களில் உதவித்தொகை வைத்திருக்கிறார்கள். எனக்கும் கிடைத்தது. அது இல்லாவிட்டால் மேலே படித்திருக்க மாட்டேன். பையனுடைய ஸ்கூல் செலவு முன்னால் நின்றிருக்கும்.

மெக்கானிக்கல் படித்தவள், மிச்சிகன்

அக்கா, படிக்கும்போது கண் கலங்கிவிட்டது.

தம்பி, கல்லூரி ஹானர் சொசைட்டிகளுக்கென்று 1925-இல் தொடங்கிய ஒரு கூட்டமைப்பு உண்டு, ஏ.சி.எச்.எஸ். என்று தேடிப் பார். அந்தப் பட்டியலில் இருந்தால் நல்ல அறிகுறி. இல்லாதது எல்லாம் போலி என்று நினைத்துவிடாதே. 1776-இல் தொடங்கிய ஃபை பீட்டா காப்பாவே அதில் இல்லை. உன் வளாகத்தில் கிளை இருக்கிறதா, எந்தப் பேராசிரியர் பொறுப்பில் இருக்கிறார் என்று நேரில் போய்க் கேள்.

எம்.எஸ். மாணவன், டெக்சாஸ்

எல்லோருக்கும் நன்றி. நேற்றே போய்க் கேட்டேன். ஃபை காப்பா ஃபை கிளையின் பொறுப்பில் இருப்பவர் எங்கள் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் இருக்கிறார். முதுகலை மாணவர்களில் முதல் பத்து சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்குத்தான் அழைப்பு என்றார். என் கிரேடுகளைத் திரையில் காட்டினார். கட்டணமும் உண்டு, ஆனால் எதற்கு என்று விளக்கமாகச் சொன்னார். சேர்ந்துவிட்டேன். ராத்திரி அப்பாவிடம் பழைய கதையையும் சேர்த்தே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பணம் போனால் போகுது, சாப்பாட்டுக்கு என்ன பண்ணினே அந்த மூணு வாரம்?" என்று கேட்டார்.

அக்கா, ஒரே ஒரு சந்தேகம். ரெஸ்யூமேயில் அந்தப் பழைய பெயரை எடுத்துவிடட்டுமா?

மெக்கானிக்கல் படித்தவள், மிச்சிகன்

இன்றைக்கே எடுத்துவிடு. அந்த இடத்தில் உன் புராஜெக்ட் ஒன்றைப் போடு.